கிரெடிட் கார்டுக் கடன் நிவாரணம்: ஒரே திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஏன் வேறு வேறு கதை சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக் கடனில் சிக்கியவர்களைக் குறிவைத்து, "கடன் நிவாரணத் திட்டம்" என்ற பெயரில் வரும் விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, ஏற்கெனவே சேர்ந்தவர்களின் அனுபவங்களைத் தேடிப் படிப்பவர்களுக்குக் குழப்பம் கூடத்தான் செய்கிறது. கடன் பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒருவர் நன்றி சொல்கிறார். அதே வகைத் திட்டத்தில் சேர்ந்த இன்னொருவர், எட்டாம் மாதத்தில் நீதிமன்ற அழைப்பாணை வந்து நின்றது என்கிறார். வேறொருவர், எல்லாம் முடிந்துவிட்டதென்று மூச்சு விட்ட பிறகு வரிப் படிவம் ஒன்று தபாலில் வந்ததாகச் சொல்கிறார்.

மூவரும் உண்மையையே சொல்லியிருக்கக் கூடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில ஏற்பாடுகள் இந்த ஒரே பெயரில் விற்கப்படுகின்றன என்பது முரண்பாட்டுக்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஒவ்வொருவரும் திட்டத்தின் எந்த மாதத்தில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது. இதை விளங்கிக்கொள்ள, கட்டப்படாத கார்டுக் கடனுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டாத கடனுக்கு என்ன நேர்கிறது

கிரெடிட் கார்டுக் கடன் ஈடு இல்லாத கடன். வீட்டுக் கடன் தவறினால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கார் கடன் தவறினால் காரை எடுத்துக்கொள்ளலாம். கார்டுக் கடனுக்குப் பின்னால் அப்படி எடுத்துச் செல்ல எதுவும் இல்லை. வட்டி மிக உயர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2023ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அமெரிக்கர்களின் மொத்தக் கார்டுக் கடன் முதன்முறையாக ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியபோது, சராசரி வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது.

மாதந்தோறும் கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகை, பெரும்பாலான வங்கிகளில், அந்த மாத வட்டியோடு நிலுவையில் 1 சதவீதத்தைச் சேர்த்தது. 24 சதவீத வட்டியில் 20,000 டாலர் நிலுவை உள்ளவருக்கு மாத வட்டி 400 டாலர், அசலில் கழிவது 200 டாலர். ஆக 600 டாலர் கட்டினாலும் மூன்றில் இரண்டு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. இந்தக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் அடைய எத்தனை ஆண்டு ஆகும் என்பதை மாத அறிக்கையிலேயே அச்சிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கார்டுச் சட்டம் வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. பலரும் நிவாரணத்தைத் தேடத் தொடங்குவது அறிக்கையில் உள்ள அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான்.

கட்டுவதை நிறுத்தினால் 30 நாள் தாமதம் கிரெடிட் அறிக்கையில் ஏறுகிறது. பிறகு 60, 90 என்று தொடர்கிறது. 180 நாள் ஆனதும் வங்கி அந்தக் கணக்கைத் தன் பேரேட்டில் நட்டமாக எழுதியாக வேண்டும். இதற்கு சார்ஜ் ஆஃப் என்று பெயர். வங்கி கடனைத் தள்ளுபடி செய்துவிட்டதாகப் பொருள் கொண்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு, அது பிழை. மாறுவது வங்கியின் கணக்கு எழுதும் முறை மட்டுமே. கடனாளியின் பொறுப்பு அப்படியே நிற்கிறது. வங்கி அந்தக் கடனைத் தானே வசூலிக்கலாம், வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம், அல்லது நிலுவைக் கடன்களை விலைக்கு வாங்கும் நிறுவனத்துக்கு அதன் முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு விற்றுவிடலாம்.

வங்கி பேரத்துக்கு இறங்கி வருவதும் இந்தக் கட்டத்தை ஒட்டித்தான். ஒழுங்காகக் கட்டிவருபவரிடம் பாதித் தொகையை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்க எந்த வங்கிக்கும் தேவை இல்லை. நட்டமாக எழுதப்பட்ட அல்லது எழுதப்படவிருக்கும் கணக்கில் கிடைப்பது எதுவும் அதற்கு மிச்சம். ஆகவே அசலைக் குறைக்க வேண்டுமானால் முதலில் தவணை தவற வேண்டும். குறைந்த தொகைக்குப் பேரம் பேசிக் கடனை முடிக்கும் செட்டில்மென்ட் திட்டங்களின் விளம்பரத்தில் இடம்பெறாத மையச் செய்தி இதுவே.

ஒரே பெயரில் விற்கப்படும் ஏற்பாடுகள்

1. ஒருங்கிணைப்புக் கடன். பல கார்டுகளின் நிலுவையை அடைக்க, குறைந்த வட்டியில் ஒரே தனிநபர் கடன் வாங்குவது. கிரெடிட் ஸ்கோர் இன்னும் கெடாதவர்களுக்கே நல்ல வட்டியில் கிடைக்கும். காலியான கார்டுகளை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினால் இரண்டு கடன்களாகிவிடும். இந்த வகையில் கேட்கப்படும் கசப்பான அனுபவங்களில் பெரும்பகுதி அதுதான்.

2. கடன் மேலாண்மைத் திட்டம். இலாப நோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்பு ஒன்றின் வழியாக வட்டியைக் குறைத்து, அசல் முழுவதையும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அடைப்பது.

3. செட்டில்மென்ட் திட்டம். இலாப நோக்குள்ள நிறுவனம், கார்டுகளுக்குக் கட்டுவதை நிறுத்தச் செய்து, பிறகு குறைந்த தொகைக்குப் பேரம் பேசுவது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் "நிவாரணம்" என்று விளம்பரமாவது பெரும்பாலும் இதுவே.

4. திவால். நீதிமன்றத்தின் வழியாகக் கடனிலிருந்து விடுபடுவது.

இவற்றுக்கு முன்பாகவே செய்து பார்க்க வேண்டிய ஒன்று, கார்டு கொடுத்த வங்கியையே அழைத்து, வேலை இழப்பு, நோய் போன்ற நெருக்கடியைச் சொல்லி, சில மாதங்களுக்கு வட்டியையும் தவணையையும் குறைக்கக் கேட்பது. பல பெரிய வங்கிகளில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு, கட்டணம் கிடையாது. இதனால் யாருக்கும் தரகு கிடைப்பதில்லை என்பதால் யாரும் இதை விளம்பரப்படுத்துவதில்லை.

செட்டில்மென்ட் திட்டம்: மாதங்களின் வரிசையில்

மிகுந்த புகழ்ச்சியும் மிகுந்த வசவும் ஒருசேரக் கிடைப்பது இந்த வகைக்குத்தான். திட்டம் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஓடுகிறது. கட்டணம் பெரும்பாலும் சேர்க்கப்பட்ட கடன் தொகையில் 15 முதல் 25 சதவீதம். நிகழ்வுகள் ஏறத்தாழ இந்த வரிசையில் நடக்கின்றன.

1. முதல் இரண்டு மாதங்கள். கார்டுகளுக்குக் கட்டுவது நிற்கிறது. அதைவிடச் சிறிய தொகை ஒன்று, வாடிக்கையாளர் பெயரிலுள்ள தனிச் சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் சேர்கிறது. "நிறுத்துங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லாமல், இரண்டையும் சேர்த்துக் கட்ட முடியாது என்ற நிலையை உண்டாக்கும் நிறுவனங்களும் உள்ளன, விளைவு ஒன்றே. மாதம் 600 டாலர் கட்டிக்கொண்டிருந்தவருக்கு 350 டாலர் போதும் என்றாகும்போது ஏற்படும் நிம்மதி உண்மையானது. பாராட்டுரைகளில் கணிசமானவை இந்தக் கட்டத்தில் எழுதப்படுகின்றன. இதுவரை ஒரு டாலர் கடன்கூடக் குறைந்திருக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை. தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறுகின்றன. கிரெடிட் ஸ்கோர் சரிகிறது. பரவலாகப் பயன்படும் கிரெடிட் ஸ்கோரான ஃபைகோ மதிப்பெண்ணில் சுமார் 35 சதவீதம் தவணைகளை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றைப் பொறுத்தது என்பதால், அதுவரை தவறாதவர்களுக்கே சரிவு பெரிதாக இருக்கும். தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. கடன் வசூலிப்பவரின் அத்துமீறல்களைத் தடுக்கும் 1977ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு முறைக்கு மேல் அழைத்தால் அது தொந்தரவு என்று கொள்ளும் 2021ஆம் ஆண்டு விதியும் வெளி வசூல் நிறுவனங்களையே கட்டுப்படுத்துகின்றன; கடன் கொடுத்த வங்கி தன் பெயரிலேயே அழைப்பதற்கு அவை பொதுவாகப் பொருந்துவதில்லை. "அழைப்புகள் நின்றுவிடும் என்றார்களே" என்ற ஏமாற்றம் இந்தக் கட்டத்துக்கு உரியது.

3. ஆறாம் மாதத்திலிருந்து. கணக்குகள் ஒவ்வொன்றாக சார்ஜ் ஆஃப் ஆகின்றன. சேமிப்பில் ஓரளவு பணம் சேர்ந்ததும் முதல் பேரம் முடிகிறது. அது பெரும்பாலும் மிகச் சிறிய கணக்காகவோ, எளிதில் இறங்கி வரும் வங்கியின் கணக்காகவோ இருக்கும். முதல் தவணை போனதும் அந்தக் கணக்குக்கான கட்டணத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். அதோடு சேமிப்பு வற்றிவிடுகிறது. அடுத்த பேரத்துக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஐந்து கார்டுகள் உள்ளவருக்கு ஒன்று முடிந்து நான்கு திறந்து கிடக்கும் இந்த இடைவெளிதான் திட்டத்தின் மிக ஆபத்தான பகுதி.

4. வழக்கு. காத்திருக்கும் வங்கிகளுள் ஏதேனும் ஒன்று, அல்லது கடனை வாங்கிய நிறுவனம், நீதிமன்றத்துக்குப் போகிறது. அழைப்பாணைக்குப் பதில் அளிக்கப் பெரும்பாலான மாநிலங்களில் 20 முதல் 30 நாள் வரையே அவகாசம். செட்டில்மென்ட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துப் பதில் அளிக்காமல் விட்டவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடுகிறது. அத்தகைய நிறுவனம் பொதுவாக நீதிமன்றத்தில் வாடிக்கையாளருக்காக வாதாடுவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம். கூட்டாட்சிச் சட்டத்தின் உச்சவரம்பு, சட்டப்படியான கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 25 சதவீதம், அல்லது அந்த வாராந்தர வருமானம் குறைந்தபட்ச மணிக்கூலியின் 30 மடங்கைத் தாண்டும் தொகை. இவற்றுள் எது குறைவோ அது. டெக்சஸ், பென்சில்வேனியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய மாநிலங்கள் சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தைப் பிடிக்க அனுமதிப்பதில்லை. அங்கே வங்கிக் கணக்கை முடக்குவது போன்ற வழிகள் கையாளப்படலாம். ஒரே நிறுவனத்தில் சேர்ந்த இருவரின் அனுபவம் முற்றிலும் வேறுபடுவதற்குப் பல நேரங்களில் அவர்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறார்கள், எந்த வங்கியின் கார்டு வைத்திருந்தார்கள் என்பதே காரணம்.

5. மூன்றாம், நான்காம் ஆண்டு. தாக்குப்பிடித்தவர்களின் கணக்குகள் முடிகின்றன. "முழுத் தொகைக்கும் குறைவாகத் தீர்க்கப்பட்டது" என்ற குறிப்பு அறிக்கையில் நிற்கும். கெட்ட குறிப்புகள் ஏழு ஆண்டுகளில் நீங்க வேண்டும். அந்தக் காலம் முதல் தவணை தவறியதிலிருந்து கணக்கிடப்படுகிறது, பேரம் முடிந்த நாளிலிருந்து அல்ல. ஆகவே நான்காம் ஆண்டில் முடிப்பவருக்கு மீதிக் காலம் குறுகியதே. இது பலரும் அறியாத சிறு ஆறுதல்.

6. அதற்கடுத்த வரிக் காலம். தள்ளுபடியான தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் கடன் கொடுத்தவர் 1099-சி என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். அமெரிக்க வரிச் சட்டத்தில் மன்னிக்கப்பட்ட கடன் வருமானமாகவே கொள்ளப்படுகிறது.

இறுதிவரை வந்தவர்கள் மனநிறைவோடு எழுதுவதையும், நடுவில் கழன்றவர்கள் கோபத்தோடு எழுதுவதையும் எடைபோடும்போது இந்த வரிசையை நினைவில் வைத்திருப்பது உதவும். எழுதியவர் எத்தனையாவது மாதத்தில் இருந்தார், எத்தனை கணக்குகள் முடிந்திருந்தன, வழக்கு வந்ததா, வரிக் காலம் கடந்துவிட்டதா என்ற விவரங்கள் இல்லாத அனுபவம், அது புகழ்ச்சியாக இருந்தாலும் வசவாக இருந்தாலும், முடிவெடுக்க உதவாது.

"பாதித் தள்ளுபடி" என்பதன் கணக்கு

முன்னே எடுத்துக்கொண்ட 20,000 டாலர் கடனையே பார்ப்போம். எல்லாம் திட்டமிட்டபடி நடப்பதாகவும் வழக்கு எதுவும் வராததாகவும் வைத்துக்கொள்வோம்.

1. கட்டாத ஆறு மாதங்களில் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து நிலுவை சுமார் 23,000 டாலர் ஆகிறது.
2. பேரம் 50 சதவீதத்தில் முடிந்தால் வங்கிகளுக்குப் போவது 11,500 டாலர்.
3. நிறுவனத்தின் கட்டணம், சேர்த்த நாளின் 20,000 டாலரில் 25 சதவீதம், அதாவது 5,000 டாலர்.
4. சேமிப்புக் கணக்கைப் பராமரிக்கும் கட்டணம் மாதம் 10 டாலர் என்றால் 48 மாதங்களுக்கு 480 டாலர்.
5. கையிலிருந்து போனது மொத்தம் 16,980 டாலர்; மாதத்துக்கு ஏறத்தாழ 354 டாலர்.
6. மன்னிக்கப்பட்ட 11,500 டாலருக்கு 22 சதவீத வரி விகிதத்தில் கூட்டாட்சி வரி 2,530 டாலர். அதையும் சேர்த்தால் 19,510 டாலர்.

தொடங்கிய நாளின் கடனோடு ஒப்பிட்டால் மிச்சம் 490 டாலர்தான். இப்படிச் சொன்னால் திட்டம் முழு மோசடி போலத் தோன்றும். அதுவும் நேர்மையான ஒப்பீடு ஆகாது, ஏனெனில் 20,000 டாலரை ஒரே நாளில் கட்டும் வழி அவருக்கு இல்லை. அதே கடனை 24 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 575 டாலர் வீதம் மொத்தம் சுமார் 34,500 டாலர் ஆகும். மேலாண்மைத் திட்டத்தில் வட்டி 8 சதவீதமாகக் குறைந்தால், மாதம் 30 டாலர் கட்டணம் உட்பட ஏறத்தாழ 436 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளில் சுமார் 26,100 டாலர். டாலர் கணக்கில் மட்டும் பார்த்தால் செட்டில்மென்ட் மலிவுதான். அந்த மலிவுக்கான விலை, வழக்கு வரும் அபாயமாகவும் சரிந்த கிரெடிட் ஸ்கோராகவும் வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது.

மேலே ஆறாவதாகக் காட்டிய வரிச் செலவுக்கு விலக்கு ஒன்று உண்டு. கடன் மன்னிக்கப்படுவதற்குச் சற்று முன் ஒருவரின் மொத்தக் கடன் அவருடைய மொத்தச் சொத்தை விஞ்சியிருந்தால், விஞ்சிய அளவு வரை அந்தத் தொகையை வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை. 982 என்ற எண்ணுள்ள படிவத்தை வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும். இந்தத் திட்டங்களில் சேருவோர் பலர் இதற்குத் தகுதி பெறக்கூடியவர்களே. விலக்கு தெரியாமல் வரி கட்டிவிடுவதும் நடக்கிறது. சொத்தைக் கணக்கிடும்போது ஓய்வூதியச் சேமிப்பையும் சேர்க்க வேண்டும் என்பதால், நல்ல வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் தகுதி இழக்க நேரலாம்.

மேலாண்மைத் திட்டத்தில் அசல் ஏன் குறைவதில்லை

கடன் ஆலோசனை அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு 1951இல் தொடங்கப்பட்டது. இத்தகைய அமைப்புகள் வங்கிகளோடு முன்கூட்டியே பேசி வைத்துள்ள சலுகை வட்டியையே வாடிக்கையாளருக்குப் பெற்றுத் தருகின்றன. தனித்தனியாகப் பேரம் பேசுவது குறைவு. மாதக் கட்டணம் வழக்கமாக 25 முதல் 50 டாலருக்குள் இருக்கும். சேர்க்கப்பட்ட கார்டுகள் மூடப்படும். தவணை தவறினால் சலுகை பறிபோகலாம். வருமானம் சீராக உள்ளவர்கள் நன்றாகச் சொல்வதும், மாதத்துக்கு மாதம் வருமானம் மாறுபவர்கள் திணறியதாகச் சொல்வதும் இந்தக் கட்டமைப்பின் நேரடி விளைவு.

அசலில் ஒரு பகுதியைத் தள்ளி, மீதியை ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். வங்கிகள் தள்ளுபடி செய்யும் தொகையை உடனே நட்டமாக எழுத வேண்டும் என்று கண்காணிப்பு விதிகள் சொல்கின்றன. இழப்பை ஐந்து ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட வழி இல்லை. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது, அசலில் 40 சதவீதம் வரை தள்ளுபடி செய்து மீதியைத் தவணையில் பெறும் சோதனைத் திட்டத்துக்கு அனுமதி கேட்டு, வங்கிகளின் அமைப்பு ஒன்றும் நுகர்வோர் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்தே மனுச் செய்தன. வழக்கமாக எதிரெதிராக நிற்கும் இருவர் ஒரே மனுவில் கையெழுத்திட்டும், வங்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அலுவலகம் மறுத்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் செட்டில்மென்ட் தொழில் செழித்தது எனலாம்.

ஆலோசனை அமைப்புகளையும் முழு நடுநிலையாளர்களாகக் கருதிவிட முடியாது. வசூலாகும் தொகையில் ஒரு சிறு பங்கை வங்கிகள் அவற்றுக்கு நிதியாகத் தருகின்றன. இதனால் அவற்றின் ஆலோசனை தவறாகிவிடாது. ஆனாலும், திவால்தான் சரியான வழி என்ற நிலையில் உள்ளவருக்கு அவர்கள் அதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்வார்கள் என்ற ஐயம் நியாயமானது.

2010ஆம் ஆண்டின் விதி எதைத் தடுத்தது

முன்பு செட்டில்மென்ட் நிறுவனங்கள் பேரம் பேசுவதற்கு முன்னரே கட்டணத்தை வாங்கிக்கொண்டன. 2010இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கடனாளிகள் போல் நடித்து 20 நிறுவனங்களை அழைத்தபோது, 17 நிறுவனங்கள் கடனைத் தீர்ப்பதற்கு முன்பே கட்டணம் பெறுவதாகச் சொல்லின. அந்த ஆண்டு அக்டோபர் 27 முதல் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி இதைத் தடை செய்தது. தொலைபேசி வழியாக விற்கப்படும் திட்டங்களில், மூன்று நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே கட்டணம் பெறலாம்: குறைந்தது ஒரு கடனாவது தீர்க்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கு வாடிக்கையாளர் உடன்பட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதன்படி ஒரு தவணையாவது கடன் கொடுத்தவருக்குப் போயிருக்க வேண்டும்.

நேரில் சந்தித்துச் செய்யப்படும் விற்பனைக்கு விதியில் விலக்கு இருந்தது. சில நிறுவனங்கள் வழக்கறிஞர் அலுவலகங்களை முன்னே நிறுத்தி, கையெழுத்து வாங்க ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, அதையே நேர்சந்திப்பு என்று காட்டி முன்பணம் வாங்கின. விதியின் கீழ் வரும் பெரிய நிறுவனங்களும் சிக்கல் இல்லாமல் இல்லை: வங்கிகள் தன்னோடு பேச மறுப்பதை மறைத்தது, வாடிக்கையாளரே பேரம் பேச நேர்ந்த கணக்குகளுக்கும் கட்டணம் வாங்கியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் தொடரப்பட்ட வழக்கொன்றில், இத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று 2019 ஜூலையில் 2 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும் 50 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும் இசைந்தது.

விதி எதைச் செய்யவில்லை என்பதும் முக்கியம். வங்கியைப் பேரத்துக்கு வரக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. வழக்கையும் அது தடுப்பதில்லை. கார்டுக் கடனைத் தள்ளுபடி செய்யும் அரசுத் திட்டம் எதுவும் அமெரிக்காவில் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி வரும் அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

திவால்: கடைசியில் வைக்கப்படும், பலருக்கு முன்னரே பொருந்தும் வழி

மஞ்சக் கடுதாசி கொடுப்பதை மானக்கேடாகக் கருதிப் பழகியவர்கள் இந்த வழியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அமெரிக்கச் சட்டம் இதை அப்படிப் பார்க்கவில்லை. திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயத்தின் கீழ், மாநிலத்தின் இடைநிலை வருமானத்துக்குக் கீழே உள்ளவர்களும், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த வருமானச் சோதனையில் தேறுபவர்களும் மனுச் செய்யலாம். பெரும்பாலான வழக்குகள் நான்கு முதல் ஆறு மாதங்களில் முடிகின்றன. நீதிமன்றக் கட்டணம் 338 டாலர். வழக்கறிஞர் கட்டணம் தனி. வருமானம் அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 13ஆம் அத்தியாயத்தின் கீழ் மூன்று முதல் ஐந்து ஆண்டுத் தவணை ஏற்பாடு உண்டு.

செட்டில்மென்ட் திட்டத்தால் தர முடியாத சில பாதுகாப்புகள் இதில் கிடைக்கின்றன. மனுத் தாக்கல் செய்த கணமே வசூல் அழைப்பு, வழக்கு, சம்பளப் பிடித்தம் எல்லாம் சட்டப்படி நிற்க வேண்டும். நீங்கும் கடனுக்கு வருமான வரி இல்லை. தகுதியுள்ள ஓய்வூதியச் சேமிப்பு பெரும்பாலும் தொடப்படுவதில்லை. இந்தக் கடைசிப் பாதுகாப்பை அறியாமல், ஓய்வூதியப் பணத்தை எடுத்து, முன்கூட்டி எடுத்ததற்கான வரியையும் கட்டி, அதை செட்டில்மென்ட்டில் போட்டுவிட்டு, வழக்கு வந்தபின் திவால் மனுவுக்கே போய்ச் சேர்ந்தவர்களின் நிலைதான் மிகவும் வருந்தத்தக்கது. திவாலில் காப்பாற்றப்பட்டிருக்கும் பணத்தை அவர்கள் தாமே கரைத்துவிட்டார்கள்.

இழப்புகளும் உள்ளன. 7ஆம் அத்தியாயத் திவால் கிரெடிட் அறிக்கையில் பத்து ஆண்டுகள் வரை நிற்கும். மாநிலச் சட்டம் விலக்களிக்கும் அளவுக்கு மேலான சொத்தை விற்க நேரலாம். மனுவுக்கு முந்தைய 90 நாளில் ஆடம்பரச் செலவுக்காகக் கார்டில் எடுத்த கடன் நீங்காமல் போகலாம்.

நடுவில் விலக விரும்புபவர்கள்

செட்டில்மென்ட் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, வழக்கு வந்தோ வருமானம் நின்றோ விலக நினைப்பவர்கள், கட்டிய பணம் போய்விட்டதென்று எண்ணி அப்படியே விட்டுவிடுவதுண்டு. 2010ஆம் ஆண்டு விதிப்படி தனிச் சேமிப்புக் கணக்கிலுள்ள பணம் வாடிக்கையாளருடையது. எப்போது வேண்டுமானாலும் அபராதம் இன்றி விலகலாம். ஏற்கெனவே தீர்ந்த கணக்குகளுக்குச் சேர வேண்டிய கட்டணம் போக மீதி முழுவதும் ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தரப்பட வேண்டும்.

விலகிய பிறகு, தீராத ஒவ்வொரு கணக்கும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். அது இரண்டு, மூன்று கை மாறியிருக்கலாம். வசூல் நிறுவனம் கடனின் விவரங்களை எழுத்தில் தரக் கடமைப்பட்டது. அந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மறுப்புத் தெரிவித்தால், சான்று அனுப்பும் வரை வசூலை நிறுத்தி வைக்க வேண்டும்.

வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பெரும்பாலானவற்றில் மூன்று முதல் ஆறு ஆண்டுகள். வரம்பு கடந்த கடனுக்காக வசூல் நிறுவனம் வழக்குத் தொடுப்பதும், தொடுப்பேன் என்று மிரட்டுவதும் 2021ஆம் ஆண்டு விதியால் தடை செய்யப்பட்டுள்ளன. பணம் கேட்க மட்டும் தடை இல்லை. பல மாநிலங்களில், அப்படிக் கேட்டதற்கு இணங்கி ஒரு சிறு தொகையைக் கட்டினாலே கால வரம்பு முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். எனவே பழைய கணக்குக்கு ஐம்பது டாலர் அனுப்புவதற்கு முன், அந்தக் கணக்கில் கடைசியாகப் பணம் கட்டிய தேதியையும் தம் மாநிலத்தின் கால வரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.